பாடகி பெயரில் பாதுகாப்புப் பாடம்: பகடிக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பிரபலங்களின் பெயரை வைத்துக்கொண்டு கேலியாகப் பதிவிடும் சில சமூக ஊடகக் கணக்குகள், நடுநடுவே இணையப் பாதுகாப்பையும் சொல்லித்தருகின்றன. இவை வெறும் வேடிக்கைதானா? பின்னால் இருப்பவர் யார் என்றே தெரியாதபோது, அவர் பேச்சைக் கேட்டு நம் கணினியில் எதையாவது மாற்றலாமா?

பதில்:

வேடிக்கைதான். ஆனால் நடத்துகிறவருக்குத் தொழில் தெரிந்திருந்தால், அதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கடினம். நம்பலாமா என்பது வேறு விஷயம். அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டி என்ற கணக்கு. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் பெயரை ஒட்டி வைத்த பெயர். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற மென்பொருள் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்து, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் உலகமெங்கும் தூக்கமில்லாமல் அலைந்த நேரம் அது. அந்த ஓட்டையைப் பற்றி ஸ்விஃப்ட்டை வைத்து மீம் போடுவதற்காகவே ட்விட்டரில் அந்தக் கணக்கு தொடங்கப்பட்டது. ஒரு வாரத்தில் மறைந்துபோக வேண்டிய நகைச்சுவை. 2024-இல் அதைப் பின்தொடர்பவர்கள் 4 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

ஹார்ட்பிளீட் ஏன் மீமுக்கு அவ்வளவு எளிதாக வசப்பட்டது என்றால், அதை ஒரு குழந்தைக்கும் சொல்லிப் புரியவைத்துவிடலாம். இரண்டு கணினிகள் பாதுகாப்பான இணைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது, ‘இன்னும் இருக்கிறாயா?’ என்று ஒன்று அவ்வப்போது மற்றொன்றைக் கேட்கும். கேட்கும்போது ஒரு சொல்லையும், அதன் நீளம் எவ்வளவு என்பதையும் சேர்த்து அனுப்பும். மறுமுனை அதே சொல்லைத் திருப்பி அனுப்பினால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாதுகாப்பான இணைப்பை அமைத்துத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில், சொன்ன நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கும் ஒரு வரி விடுபட்டிருந்தது. நாலெழுத்துச் சொல்லைக் கொடுத்துவிட்டு ‘இதன் நீளம் 64 கிலோபைட்’ என்று பொய் சொன்னால், அந்த நாலெழுத்துக்குப் பக்கத்தில் நினைவகத்தில் என்னவெல்லாம் கிடக்கிறதோ அத்தனையையும் சர்வர் அள்ளிக் கொடுத்துவிடும். அதில் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே கூட இருக்கலாம். 2012 மார்ச்சில் வந்த பதிப்பிலிருந்து இரண்டு ஆண்டுகள் இந்தப் பிழை கண்ணில் படாமலே கிடந்தது.

எதிராளி தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் அங்கே நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாக் கதைகளிலும் இதே தவறுதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

ஸ்விஃப்ட்டின் பெயரை ஏன் எடுத்தார்கள் என்பதிலும் ஒரு பொருத்தம் உண்டு. தன் ரகசியங்களைக் காப்பதில் அவர் மிகவும் எச்சரிக்கையானவர் என்று அப்போதே பெயர் வாங்கியிருந்தார். 2014-இல் கொடுத்த ஒரு பேட்டியில், தான் பேசுவது ஒட்டுக்கேட்கப்படுகிறதோ என்ற பயத்தைப் பற்றியும், வெளிவராத தன் ஆல்பத்தைத் தன் போனிலேயே வைத்துக் காத்ததைப் பற்றியும் பேசினார். அப்படிப்பட்டவர் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதாகக் கற்பனை செய்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் நம்பும்படியும் இருக்கிறது. அப்புறம் 2015 ஜனவரியில் நிஜ ஸ்விஃப்ட்டின் ட்விட்டர், இன்ஸ்டாகிராம் கணக்குகளே ஹேக் செய்யப்பட்டன. அன்றைக்குப் பகடிக் கணக்கின் பக்கம் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

கணக்கை நடத்துகிறவர் இன்றுவரை பெயரைச் சொல்லாதவர். ஆணா பெண்ணா என்று ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் திணறுவார்கள், தமிழில் ‘அவர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தில், ஊழியர்களின் கணினிகளில் என்ன நடக்கிறது என்று கண்காணிக்கும் குழுவை வழிநடத்துபவர் என்பதும், மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்பங்களில் தேர்ந்த வெளியாட்களுக்குத் தரும் எம்விபி அங்கீகாரம் பெற்றவர் என்பதும் பொதுவெளியில் தெரிந்தவை. டீசன்ட் செக்யூரிட்டி என்ற இணையதளமும் அவருடையது. வீட்டுக் கணினியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்று சாதாரண ஆளுக்குப் புரியும் மொழியில் அங்கே எழுதியிருக்கிறார்.

ஆனால் தொழிலில் இருப்பவர்களிடம் அவருக்கு மரியாதை வாங்கித் தந்தது அவர் போட்ட மீம்களும் அல்ல, கட்டுரைகளும் அல்ல. ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைல், அதாவது ஒரு கருவி எப்படி வேலை செய்யவேண்டும் என்று அதற்குச் சொல்லும் அமைப்புக் கோப்பு.

விண்டோஸ் கணினியில் எந்த நிரல் எப்போது ஓடியது, அது எந்த முகவரியோடு பேசியது என்பதையெல்லாம் பதிவு செய்யும் சிஸ்மான் என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் குழு 2014-இல் வெளியிட்டது. அருமையான கருவி. ஆனால் எல்லாவற்றையும் பதியச் சொல்லி ஓடவிட்டால் எழுதித் தள்ளிவிடும். ஒரு நாளில் குவியும் பதிவுகளைப் பார்த்தாலே தலை சுற்றும், அதற்குள் திருடன் வந்த தடத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை. எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அதற்குச் சொல்லித்தர ஒரு கான்ஃபிக் ஃபைல் வேண்டும். ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டி அப்படி ஒன்றை எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இலவசமாகப் போட்டார். அதன் அழகு, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே ‘இது எதற்காக, தாக்குபவர்கள் இந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவார்கள்’ என்று விளக்கக் குறிப்பு இருக்கும். கான்ஃபிக் ஃபைல் போலவும் படிக்கலாம், பாடப்புத்தகம் போலவும் படிக்கலாம். நிறைய நிறுவனங்கள் அதை அடிப்படையாக வைத்துத்தான் தங்கள் சொந்த கான்ஃபிக்கை எழுதத் தொடங்கின.

முதன்முதலில் நான் அதை வேலையிடத்தில் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, ‘இதை எழுதியவர் யார்?’ என்று மேலதிகாரி கேட்டார். பாடகி பெயரில் ஒருவர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘சரி, வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டாயா?’ என்று மட்டும் கேட்டார். படித்திருந்தேன். அதோடு விஷயம் முடிந்தது. யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடிகிறதா என்று கேட்ட அந்த ஒரு கேள்வி உங்கள் இரண்டாவது கேள்விக்கு முக்கால் பதில்.

இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். இணையப் பாதுகாப்புத் துறைக்காரர்களிடம் ஒரு பழைய நோய் உண்டு: எது நடந்தாலும் பயனரைத் திட்டுவது. ‘பாஸ்வேர்டு சரியில்லை, கண்ட இணைப்பையும் கிளிக் செய்துவிட்டாள், அனுபவிக்கட்டும்.’ ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டி தொடக்க நாட்களிலேயே ஜெசிகா என்ற ஒரு பதின்வயதுப் பெண்ணைக் கற்பனை செய்து ஒரு குறுங்கதை எழுதினார். வசதியில்லாத வீடு, பழைய லேப்டாப், திரையில் வரும் எச்சரிக்கைகளில் எது உண்மை எது பொய் என்று சொல்லித்தர ஆளில்லை. அவளுக்கு நடந்த தீங்குக்கு அவளைக் குற்றம் சொல்ல முடியுமா, அவளைப் போன்றவர்களை மனதில் வைக்காமல் மென்பொருள் செய்த நம்மைச் சொல்ல வேண்டுமா என்பதுதான் கதையின் கேள்வி. கேலிக் கணக்கில் இருந்து இப்படி ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். என் கணிப்பில், வேஷம் அவருக்குக் கொடுத்த மிகப் பெரிய வசதி இதுதான். நிபுணர் என்ற பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு பேசினால் கேட்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், தனக்குத் தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுவார். பாப் பாடகி வேஷத்தில் இருப்பவரிடம் அந்தக் கூச்சம் வருவதில்லை.

பகடி வேஷத்தில் தொழில் பேசியவர் இவர் மட்டுமில்லை. சர்வர் நிர்வாகத்தைக் கிண்டலடித்த டெவ்ஆப்ஸ் போராட் என்ற கணக்கு ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் எழுதுவதையும் சர்வர் நிர்வாகத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் முறைக்குத்தான் டெவ்ஆப்ஸ் என்று பெயர். போராட் நிஜ மனிதரல்ல, திரைப்படப் பாத்திரம். தவறு செய்வது மனித இயல்பு, அந்தத் தவறைத் தானியங்கியாக எல்லா சர்வர்களுக்கும் பரப்புவதுதான் டெவ்ஆப்ஸ் என்ற பொருளில் அது உடைந்த ஆங்கிலத்தில் போட்ட பதிவை இன்னும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது பாடம் என்பதைவிடப் புலம்பல். இருந்தாலும், எந்த மாற்றத்தையும் முதலில் ஒரே ஒரு சர்வரில் செய்து பார்க்கும் பழக்கம் அந்த ஒற்றை வரியால் எனக்கு நினைவில் நின்றுவிட்டது.

சரி, இப்போது மறுபக்கம். பிரபலத்தின் முகத்தைக் கடன் வாங்குவது பகடிக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. மோசடிக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. இணைப்பாக அவருடைய படம் இருப்பதுபோல ஒரு ஃபைல். பெயரின் முடிவில் ‘.ஜேபிஜி.விபிஎஸ்’ என்று இரண்டு வால்கள். முதலாவது படத்துக்கான வால், இரண்டாவது ஓடும் நிரலுக்கான வால். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி வாலை மறைத்துவிடும் என்பதால் பார்ப்பவர் கண்ணுக்குப் படம் என்றே தெரியும். இரட்டைக் கிளிக் செய்தால் படம் திறக்காது, உள்ளே இருக்கும் நிரல் ஓடி, முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லாருக்கும் அதே மின்னஞ்சலை அனுப்பிவிடும். எழுதியவர் 20 வயது டச்சு இளைஞர். அவர் பெரிய நிரலாளர் கூட இல்லை, இப்படித் தானாகப் பரவும் நிரலை, அதாவது புழுவைத் தயாரிக்க யாரோ செய்துவைத்த கருவியை எடுத்து ஒட்டியவர்தான். தானாகவே போய்ச் சரணடைந்தார், 150 மணி நேரச் சமூக சேவை தண்டனையாகக் கிடைத்தது. புழுவில் புதுமை எதுவும் இல்லை. வேலை செய்தது அந்தப் பெயர்.

இதற்கு ஓர் எளிய கைவைத்தியம் உண்டு, பகடிக் கணக்குகள் உலவும் வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும். விபிஎஸ், ஜேஎஸ், எச்டிஏ போன்ற வால்கள் கொண்ட ஃபைல்களை இரட்டைக் கிளிக் செய்தால் அவை ஓடாமல் நோட்பேடில் எழுத்தாகத் திறக்கும்படி விண்டோஸில் மாற்றிவைத்துவிடுவது. காசு செலவில்லை, புதிய மென்பொருள் வேண்டாம். ஏமாந்து கிளிக் செய்தவர் திரையில் புரியாத எழுத்துகளைப் பார்த்து ‘இது என்ன கர்மம்’ என்று மூடிவிடுவார், அவ்வளவுதான். பயனரை மாற்ற முயலாமல், அவர் தவறினாலும் ஒன்றும் ஆகாதபடி செய்துவைப்பது என்ற ஜெசிகா கதையின் நியாயம் இதற்குள் அப்படியே இருக்கிறது. விபிஎஸ் நிரல்மொழியை இனிப் படிப்படியாக விண்டோஸிலிருந்து நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2023 அக்டோபரில். கோர்னிகோவா புழு வந்து 22 ஆண்டுகள் கழித்து!

2014 ஆகஸ்ட் கடைசியில் பல ஹாலிவுட் நடிகைகளின் அந்தரங்கப் படங்கள் வெளியே கசிந்தபோது, ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடை யாரோ பெரிய மூளைக்காரர் உடைத்துவிட்டார் என்று முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு வழக்கில் வெளிவந்தது சாதாரண ஃபிஷிங். ஆப்பிளிலிருந்தும் கூகுளிலிருந்தும் வந்ததுபோல மின்னஞ்சல் அனுப்பி, பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் குறைந்தது 50 ஐகிளவுட் கணக்குகளுக்குள் இப்படி நுழைந்திருந்தார், 18 மாதச் சிறை. இங்கே ஏமாந்தவர்களே பிரபலங்கள், திருடர் போட்டுக்கொண்ட வேஷம் நிறுவனத்துடையது. திசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது (பிடித்தது என்று சொல்லக்கூடாது, ஆனாலும்) 2017-இல் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. டர்லா என்ற உளவுக் குழுவின் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்), தன் எஜமானின் சர்வர் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய்க் கமென்ட்களைப் படித்தது. ஒவ்வொரு கமென்ட்டையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும். விடை 183 வந்தால் அதுதான் குறித்த கமென்ட். படிப்பவருக்கு அது ஏதோ ஒரு ரசிகரின் உளறல். ஆனால் எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒட்டெழுத்துகள் செருகப்பட்டிருந்தன, அவற்றுக்கு அடுத்துவரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் ஒரு சுருக்கப்பட்ட இணைய முகவரி கிடைக்கும். யூனிகோடில் அந்தக் கண்காணா எழுத்தின் நேர்மையான வேலை, இந்திய மொழிகள் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளில் எழுத்துகள் சரியாகச் சேர உதவுவது. லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் பக்கம் என்பதால் அங்கே போகும் இணைப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற கணக்கு அது.

2024 ஜனவரியில் வட்டம் முழுமையானது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் முகமும் குரலும் செயற்கையாகச் செய்யப்பட்ட விளம்பர வீடியோக்களில், அவர் ஒரு பிரபல சமையல் பாத்திர நிறுவனத்தின் பாத்திரங்களை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அனுப்புச் செலவுக்கு 9.96 டாலர் மட்டும் கட்டினால் போதும். கட்டியவர்களுக்குப் பாத்திரம் வரவில்லை. அதே மாதத்தில் அவருடைய போலி ஆபாசப் படங்கள் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் பரவி, அவர் பெயரைத் தேடுவதையே அந்தத் தளம் சில நாட்கள் முடக்கி வைத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு பாதுகாப்புப் பாடத்துக்காகக் கடன் வாங்கப்பட்ட அதே முகம்தான் இதற்கும் கடன் வாங்கப்பட்டது.

பகடிக்காரர் முகத்தைக் கடன் வாங்கியதை உரக்கச் சொல்கிறார், மோசடிக்காரர் மறைக்கிறார். செய்யும் வித்தை ஒன்றே. அதனால்தான் இப்படிப்பட்ட கணக்கைப் பின்தொடர்வதே ஒரு சிறிய பயிற்சி என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு பதிவையும் படிக்கும்போது ‘பேசுவது இந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இல்லை’ என்று மூளை ஒரு நொடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. வங்கியின் பெயரில் குறுஞ்செய்தி வரும்போதும் அந்த ஒரு நொடிதான் நமக்குத் தேவை.

நிஜப் பிரபலங்களும் அறியாமலே பாடம் நடத்துவதுண்டு. 2018 அக்டோபரில் வெள்ளை மாளிகையில் கேமராக்கள் சூழ உட்கார்ந்திருந்த பாடகர் கான்யே வெஸ்ட், தன் ஐபோனைத் திறக்க ஆறு முறை பூஜ்யத்தை அழுத்தியதை உலகமே பார்த்தது. 2016 ஜூனில் மார்க் சக்கர்பெர்கின் ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடப்பட்ட தொகுப்பில் அவருடைய பாஸ்வேர்டு கிடைத்ததாகவும் அது ‘டாடாடா’ என்றும் சொன்னார்கள். ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் பயன்படுத்தாதீர்கள் என்று நூறு முறை சொல்வதற்கு அந்த ஒரு சம்பவம் சமம். பகடிக் கணக்குகள் இதுபோன்ற தருணங்களுக்காகக் காத்திருக்கும். செய்தி சூடாக இருக்கும்போது சொல்லப்படும் அறிவுரைதான் தலையில் ஏறுகிறது, ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் கட்டாயமாகப் பார்க்கவைக்கும் பயிற்சி வீடியோ ஏறுவதில்லை.

பகடிக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் கோடு எங்கே என்பதில் தளங்களும் தடுமாறித்தான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பொதுவாழ்வில் இருப்பவர்களைக் கிண்டலடிக்கும் உரிமைக்கு 1988-இல், ஹஸ்ட்லர் பத்திரிகை வெளியிட்ட ஒரு கிண்டல் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. இது நிஜம் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்கிற அளவுக்கு அந்தக் கிண்டல் இருந்தது அங்கே முக்கியம். சமூக ஊடகத்தில் அந்த அளவுகோல் வழுக்குகிறது. 2009-இல் பேஸ்பால் பயிற்சியாளர் டோனி லா ரூசா, தன் பெயரில் ஓடிய போலிக் கணக்குக்காக ட்விட்டர் மீது வழக்குப் போட்டார். அந்த ஜூனிலேயே சரிபார்க்கப்பட்ட கணக்கு என்ற ஏற்பாட்டை ட்விட்டர் அறிவித்தது. நீல டிக் பிறந்த கதை இதுதான். 13 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், மாதம் 8 டாலர் கட்டும் யாருக்கும் அதே டிக் என்று ஆனது. அடுத்த நாட்களிலேயே எலை லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் டிக் வாங்கிய ஒரு போலிக் கணக்கு ‘இன்சுலின் இனி இலவசம்’ என்று பதிவிட்டது. நிஜ நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்லவேண்டி வந்தது, மறுநாள் அதன் பங்கு விலையும் சரிந்தது. அதைப் பகடி என்பவர்களும் உண்டு, மோசடி என்பவர்களும் உண்டு. டிக் இல்லாமல் போட்டிருந்தால் நல்ல பகடி என்பது என் கருத்து.

2025 ஏப்ரலில் எக்ஸ் தளம் விதியை இறுக்கியது. பகடிக் கணக்கு என்றால் பெயரின் தொடக்கத்திலேயே அதைக் குறிக்கும் சொல் இருக்கவேண்டும், அசல் ஆளின் அதே படத்தை வைக்கக்கூடாது. தொடக்கத்தில் என்பது நல்ல யோசனை, நீளமான பெயர்களைப் போன் திரை பாதியில் வெட்டிவிடும்போது கடைசியில் இருக்கும் ‘பகடி’ என்ற சொல்தான் முதலில் காணாமல் போகும்.

ஆனால் டிக், லேபிள் எல்லாம் சரியாக இருந்தும் போதாது என்பதற்கு 2020 ஜூலை 15 சாட்சி. அன்றைக்கு ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க், ஆப்பிள் என்று அசல் கணக்குகளிலிருந்தே ‘பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்’ என்று பதிவு வந்தது. ட்விட்டர் ஊழியர்களைப் போனில் ஏமாற்றி உள் கருவிகளைக் கைப்பற்றியிருந்தார்கள். 130 கணக்குகளைக் குறிவைத்து, 45 கணக்குகளிலிருந்து பதிவும் போட்டுவிட்டார்கள். முக்கியக் குற்றவாளி 17 வயதுப் பையன். கணக்கு அசல், டிக் அசல், பேசியவர் மட்டும் வேறு. அந்த மாலையில் பெயர் தெரியாத பகடிக் கணக்குகள், நீல டிக் போட்ட ஜனாதிபதிகளைவிட நம்பகமாக இருந்தன.

ஆக, சொன்னவர் பெயரைப் பார்க்காமல் சொன்னதைப் பாருங்கள் என்றால் அது நடைமுறையில் எப்படி? நான் செய்வது இது. அந்தப் பதிவு என்னை எதையாவது தரச் சொல்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பணம், பாஸ்வேர்டு, ஓடிபி, ‘இந்தச் செயலியை இங்கே டவுன்லோட் செய்’ என்று எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன். நல்ல பகடிக் கணக்கு உங்களிடம் எதையும் கேட்காது. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பட்டனைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு மேனேஜர் வையுங்கள், பிரவுசரை அப்டேட் செய்யுங்கள், விளம்பரத் தடுப்பான் போடுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள் என்ற வகை அறிவுரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம். 

கணினியின் அமைப்பையே மாற்றும் அறிவுரை என்றால், அந்த அமைப்பின் பெயரை எடுத்து, மென்பொருள் செய்த நிறுவனத்தின் ஆவணத்தில் தேடிப் படிப்பேன். அங்கே அப்படி ஒரு பட்டனே இல்லை என்றால் முடிந்தது கதை. இருந்தாலும் உடனே எல்லா இடத்திலும் மாற்றமாட்டேன். மேலே சொன்ன நோட்பேடு வித்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினியில் பிரச்சினையே இல்லை. ஓர் அலுவலகத்தில், தினமும் காலையில் யாரோ இரட்டைக் கிளிக் செய்து ஓட்டும் பழைய விபிஎஸ் நிரல் ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். சோதிக்காமல் எல்லாக் கணினியிலும் மாற்றினால் அன்றைய சம்பளப் பட்டியல் நோட்பேடில் திறக்கும். போராட் சொன்னது ஞாபகம் இருக்கிறதல்லவா?

பகடிக் கணக்கின் உண்மையான பலவீனம் இதுதான். நகைச்சுவைக்கு இடம் கொடுக்கச் சூழலை வெட்டவேண்டியிருக்கிறது. ‘எந்த மாதிரி ஆளுக்கு, எந்த மாதிரி ஆபத்துக்கு எதிராக’ என்ற பகுதிதான் முதலில் வெட்டுப்படும். அரசாங்க உளவுக்குப் பயப்படும் பத்திரிகையாளருக்கான அறிவுரையை ஒரு பள்ளி மாணவர் பின்பற்றித் தன் சொந்தக் கணக்குக்குள்ளேயே போகமுடியாமல் தவிப்பதுண்டு.

அறிவுரைக்கு வயதும் ஆகிறது. இது பகடிக் கணக்குகளுக்கு மட்டும் உள்ள குறையில்லை. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலக்கவேண்டும், அடிக்கடி மாற்றவேண்டும் என்று உலகத்தையே படுத்திய விதிகளுக்கு மூலம் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்புக்காக பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய வழிகாட்டி. 2017-இல் அவரே, தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தி, காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லவேண்டாம் என்றது. தொல்லை கொடுத்தால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. முழுப் பெயர், பதவி, அரசு முத்திரை எல்லாம் இருந்த ஆவணம் அது. (இதே பெயரில் ஒரு நகைச்சுவைக் கலைஞரும் இருக்கிறார். தேடும்போது அவர்தான் முதலில் வருவார்.)

கடைசியாக ஒன்று: பகடிக் கணக்குக்கே போலி வந்தால் என்ன செய்வது? வரத்தான் செய்கிறது. 2022 கடைசியில் ட்விட்டரிலிருந்து நிறைய இணையப் பாதுகாப்புத் துறைக்காரர்கள் மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்துக்கும், பிறகு புளூஸ்கை என்ற இன்னொன்றுக்கும் போனபோது ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டியும் அங்கெல்லாம் கணக்குத் திறந்தார். நிஜப் பெயரே தெரியாத ஒருவர், புதிய இடத்திலும் அதே ஆள்தான் என்று எப்படி நிரூபிப்பது? அடையாள அட்டை எதுவும் வேண்டியதில்லை. மாஸ்டடானில், ஓர் இணையதளத்தின் பக்கத்தில் உங்கள் கணக்கைக் குறிக்கும் இணைப்பை வைத்தால், அந்தத் தளம் உங்களுடையது என்று பச்சை நிறத்தில் காட்டும். புளூஸ்கையில் உங்கள் இணையதள முகவரியையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம், அந்த முகவரி உங்கள் கையில் இல்லாவிட்டால் முடியாது. பல ஆண்டுகளாக ஒரே கையில் இருக்கும் தளம் புதிய கணக்குக்குச் சாட்சி சொல்கிறது. அவர் யார் என்பது இன்னும் தெரியாது, அதே ஆள்தான் என்பது மட்டும் தெரியும். நீங்கள் மாஸ்டடானில் பின்தொடரும் பகடிக் கணக்கின் சுயவிவரப் பக்கத்தில் அப்படி ஒரு பச்சை இணைப்பு இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள்.